பதினோரு முறை அழிக்கப்பட்டவர்

அத்தியாயம் நான்கு

"பதினோரு தடவை அழிச்சேன். பதினோரு தடவையும் திரும்பி வந்துட்டாரு."

டீச்சரின் குரலில் அழுகை இல்லை. வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கிற குரல். அதனால்தான் ரேடியோவின் முதுகுத்தண்டில் சில்லென்று ஏதோ ஓடியது. அவர் அழுதிருந்தால்கூடத் தேவலை.

ரேடியோ என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் ஒலிபரப்பு நடத்துகிறான் என்று தெரு வைத்த பெயர். நாற்பது வயது. கரப்பான்பூச்சி, பல் டாக்டர், பேய் மூன்றுக்கும் பயம். பயம் வந்தால் ஒலிபரப்பு இன்னும் அதிகமாகும். அவனுடைய முதலாளியம்மாவுக்குத் துருவி என்று பெயர் வைத்ததும் அதே தெருதான். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் விபத்துகளை விசாரித்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். யாராவது 'ஆமாம்' என்றால், 'எதுக்கு ஆமாம்?' என்று கேட்டு அவர்களை 'இல்லை' என்று சொல்ல வைத்துவிடுவார். முகத்துக்கு நேரே எல்லோரும் மேடம் என்பார்கள். ரேடியோவுக்கு மட்டும் அக்கா.

"டீச்சர், நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க?" என்றான் ரேடியோ.

"அறிவியல்."

"அறிவியல் டீச்சரே பேய்னு சொன்னா நாங்கல்லாம் எங்க போறது?"

"சும்மா இருடா" என்றார் துருவி.

டீச்சர் வீட்டுக் கூடத்தில், மேஜைமேல் ஒரு லேப்டாப். பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு. அதை லேப்டாப்பில் செருகுவதற்கான ஒரு பிளாஸ்டிக் கூடு. வாசல் கேட்டில் மாட்டியிருந்த கேமராவின் கார்டு அது. டீச்சரின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். போன மாதம் முப்பதாம் தேதி, வியாழக்கிழமை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் சரிபார்க்க ஏறினவர் ஏணியிலிருந்து விழுந்தார். ஐந்து பத்துக்கு டீச்சரும் எட்டு வயது மகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, பக்கவாட்டுச் சந்தில் கிடந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வழுக்கி விழுந்தார் என்று எழுதிக்கொண்டு போலீஸ் போய்விட்டது.

"கேமரா பதிவைப் போலீஸ் பாக்கலையா?"

"கேமரா ரிப்பேர்னு என் கொழுந்தன் சொன்னாரு. அதோட விட்டுட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு நான்தான் கார்டை எடுத்துப் போட்டுப் பாத்தேன். அவர் கேட்டைத் திறந்து உள்ள வர்றாரு. பாப்பா கண்ணுல படக் கூடாதுன்னு அழிச்சேன். கார்டைக் கேமராவுல திரும்பப் போட்டேன். மறுநாள் எடுத்துப் பாத்தா, மறுபடியும் வர்றாரு. அதே சட்டை. அதே பை."

"எங்க முன்னாடி ஒரு தடவை அழிங்க" என்றார் துருவி.

டீச்சர் அழித்தார். திரை காலி. துருவி கார்டை வெளியே எடுத்து, பத்து எண்ணி, மறுபடி செருகினார்.

எல்லாம் இருந்தது. டீச்சர் ஒன்றைத் திறந்தார். மூலையில் தேதியும் நான்கு பத்து என்ற நேரமும். கேட் கிரீச்சிட்டது. கருவிப் பையோடு ஒருவர் உள்ளே வந்து, நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்து, சலாம் போடுவதுபோல இரண்டு விரலை உயர்த்தினார்.

ரேடியோவின் ஒலிபரப்பு நின்றது.

துருவி மட்டும் கார்டின் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கூட்டோட ஓரத்துல குட்டியா ஒரு விசை இருக்கு பாரு. இந்தப் பக்கம் தள்ளினா பூட்டு. பூட்டியிருந்தா அழிக்க முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடும். இது திறந்துதான் இருக்கு. சரி, உன் லேப்டாப்பை எடு."

ரேடியோவின் லேப்டாப்பிலும் அதே கதை. அழிந்தது, எடுத்துப் போட்டால் வந்தது.

"அப்ப லேப்டாப் மேல தப்பு இல்ல. இப்ப உன் போட்டோ ஒண்ணு குடு."

போன வாரம் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்த படத்தை ரேடியோ பெருமையாகக் கொடுத்தான். கார்டில் ஏற்றினார். பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தான். எடுத்து, செருகி, திறந்தார்.

"அக்கா! என்னைக் காணோம்!"

"ம்."

"உசிரோட இருக்கிறவனை உள்ள சேக்க மாட்டேங்குது, செத்தவரை வெளிய விட மாட்டேங்குது. இது கார்டா, வேற எதாவதா?"

"கார்டுதான். கேமரா ராத்திரி பகலா எழுதி எழுதித் தேய்ஞ்சு போச்சு. சில கார்டு சாகும்போது எழுதற கதவை மட்டும் சாத்திக்கும். படிக்கிற கதவு திறந்தே கிடக்கும். நாம எழுதினாலும் அழிச்சாலும் ஆச்சு ஆச்சுன்னு தலையாட்டும். எடுத்துத் திரும்பப் போட்டா பழைய இடத்துல வந்து நிக்கும்."

"எங்க மாமனார் மாதிரி. நாள் முழுக்கத் தலையாட்டிட்டு, மறுநாள் காலையில 'நீ எப்ப சொன்ன'ம்பாரு."

துருவி டீச்சர் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் போன அன்னிக்கே இந்தக் கார்டும் போயிடுச்சு டீச்சர். முப்பதாம் தேதிக்கு அப்புறம் இது எதையுமே ஞாபகம் வச்சுக்கலை. அவர் திரும்பி வரலை. இது அந்த நாளை விட்டு நகரலை."

டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப... நான் பைத்தியம் இல்லையா?"

"யார் சொன்னது?"

"யாரும் அப்படிச் சொல்லலை. மனசு சரியில்லைன்னாரு கொழுந்தன். பாப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு தினம் கேட்டாரு. நானும் என்னை நம்ப முடியாம சரின்னுட்டேன். ஆறு மணிக்கு வந்துடுவாரு." வாசல் பக்கம் கை காட்டினார். முயல் படம் போட்ட சின்னப் பெட்டி ஒன்று தயாராக நின்றது. மணி மூன்றரை. "அனுப்பிட்டா திரும்பி வருவாளா மேடம்? ஒரு தடவை 'அம்மாவுக்கு முடியலை'ன்னு ஊர் பேச ஆரம்பிச்சுட்டா..."

ஊர் ஏற்கனவே பேச ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது என்பதை ரேடியோ சொல்லவில்லை. அந்தப் பேச்சில் அவனுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

"உங்க கொழுந்தன் என்ன சொன்னாரு? வார்த்தை மாறாமச் சொல்லுங்க."

"அண்ணி, அந்தக் கார்டுல ஒண்ணுமே இல்ல, காலி, இல்லாததைப் பாக்கறீங்க. அப்படின்னாரு."

"கார்டைப் போட்டுப் பாத்தாரா?"

"இல்ல மேடம். நீட்டினேன். தொடக்கூட இல்ல. ரெண்டடி பின்னாடி போயிட்டாரு."

துருவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்பது ரேடியோவுக்குத் தெரியும்.

"தொடாத கார்டு காலின்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

 துருவி கார்டைக் கூட்டிலிருந்து உருவித் தலைகீழாகத் திருப்பினார். பின்பக்கம், ஓரமாக, கடுகில் பாதி அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

"ரத்தம்" என்றான் ரேடியோ.

"நகப்பூச்சு. டீச்சர், நீங்க பூசுவீங்களா? பாப்பா?"

"பள்ளிக்கூடத்துல விட மாட்டாங்க. ரெண்டு பேரும் பூசறதில்ல."

ரேடியோ சட்டென்று தன் போனைப் பிரித்து உள்ளேயிருந்த கார்டை எடுத்தான். அதன் பின்பக்கத்திலும் ஒரு புள்ளி. ஆனால் பச்சை.

"அக்கா, நான் ஏதோ தூசுன்னு நினைச்சேன். போன வாரம் லென்ஸ்காரர் கடையில குடுத்து வாங்கினேன்."

"உன்னால ஒரு உபயோகம் இருக்கும்னு எனக்கு எப்பவுமே ஒரு நம்பிக்கை இருந்துச்சு. நட."

லென்ஸ்காரர் கடை ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டிய அளவு. நெற்றியில் லென்ஸைக் கட்டிக்கொண்டு, மாத்திரை டப்பா ஒன்றின் ஏழு அறைகளிலும் ஸ்க்ரூக்களைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார்டைப் பார்த்ததும் சிரித்தார்.

"நம்ம புள்ளிதான். என் கை பட்ட கார்டுக்கெல்லாம் ஒண்ணு வைப்பேன். பின்னாடி வந்து 'கார்டை மாத்திட்டே'ன்னு சண்டை போடக் கூடாது பாருங்க. மாசத்துக்கு ஒரு கலர். வீட்டுக்காரி பாட்டில்தான். அவ இன்னும் கண்டுபிடிக்கலை."

"சிவப்பு எந்த மாசம்?"

"போன மாசம். முப்பத்தொண்ணாம் தேதி பாட்டில் காய்ஞ்சு போச்சு. அன்னிக்கு பிரஷ்ஷைச் சுரண்டிச் சுரண்டி மூணு கார்டுக்கு வச்சேன். எல்லாம் பாதிப் புள்ளி. இது அதுல ஒண்ணு."

முப்பத்தொன்று. சாவு விழுந்த மறுநாள். வீடு நிறைய ஆட்கள் இருந்த நாள்.

"யார் கொண்டு வந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? டிரைவிங் ஸ்கூல் சட்டை போட்ட ஆள். ஒண்ணு விடாம அழிக்கணும்னாரு. அழிச்சா திரும்ப எடுக்க முடியாதேன்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டாரு. நான் எச்சரிக்கைக்குக் கேக்கறார்னு நினைச்சேன். காலித் திரையைக் காட்டினதும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு மேடம். கார்டு அழிச்சதுக்குக் கும்பிடு வாங்கினவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்."

"வெளிய எடுத்துத் திரும்பப் போட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்கு? அதான் காலியாயிடுச்சே."

"ஆமா" என்றார் துருவி. "ஆயிடுச்சு."

தெருவுக்கு வந்ததும் ரேடியோ பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தான். "கொழுந்தன் டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கார்ல? அண்ணனைத் தள்ளிவிட்டுட்டு, கார்டை உருவி அழிச்சுட்டு, அண்ணிக்குப் பைத்தியம்னு கதை கட்டி, பிள்ளையை எடுத்துக்கிட்டு, வீட்டையும்..."

"நீ பாட்டுக்குக் கடைசி அத்தியாயம் வரைக்கும் போயிட்டே. அழிச்ச ஆள் எதை அழிச்சான்னு முதல்ல பாப்போம்."

திரும்பி வந்தபோது ஐந்தேகால். துருவி முதல் வேலையாகக் கார்டில் இருந்தது முழுவதையும் லேப்டாப்புக்கு நகல் எடுத்தார். படிக்கிற கதவும் எப்போது சாத்திக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

"அவர் உள்ள வர்ற பதிவுக்கு அப்புறம் இன்னும் ரெண்டு இருக்கே டீச்சர்?"

"திறந்ததே இல்ல." டீச்சர் தரையைப் பார்த்தார். "அந்தக் கேமராவுல சத்தமும் பதிவாகும். அவர் விழற சத்தம் கேட்டுடுமோன்னு... லிஃப்ட் கதவு திறந்தாக்கூட உடனே காலை வைக்க மாட்டாரு மேடம். பெட்டி வந்திருக்கான்னு கீழ பாத்துட்டுத்தான் வைப்பாரு. பாப்பாவுக்கும் அதையே சொல்லிக் குடுத்தாரு. அவர் வழுக்கி விழுந்தாருன்னா எனக்கு இன்னும் மனசு ஒப்பலை."

துருவி அவரைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது ஹெட்போனை ரேடியோவின் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"நானா?" என்றான்.

"நீதான்."

பாப்பா உள் அறையில் கலர் பென்சில்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வெளியே மேகம் கவிந்து கூடம் பாதி இருட்டாகிவிட்டது. ரேடியோ பதிவைத் திறந்தான்.

நான்கு பதினைந்து. காலியான முற்றம். சந்து சுவருக்குப் பின்னால் மறைந்திருந்தது. அங்கே சாத்தியிருந்த ஏணியின் அடி மட்டும் திரையின் ஓரத்தில் துருத்திக்கொண்டு தெரிந்தது. மேலே எங்கிருந்தோ ஒரு விசில் சத்தம், குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல. தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்கிறார். செத்த மனிதர் விசிலடிப்பதைக் கேட்கும் யோகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ரேடியோவுக்கு வியர்த்தது.

நான்கு இருபத்திரண்டு. கேட் திறந்தது. டிரைவிங் ஸ்கூல் சட்டை. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, "போர்டு இன்னிக்கே மாட்டிடலாம்பா, ஏணிக்கு என்ன, அண்ணன் வீட்டுல இருக்கு" என்று கத்திக்கொண்டே வந்தார். சந்துக்குள் போனார். ஏணியின் அடி திரையிலிருந்து விலகிப் போனது. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? வியாழக்கிழமை நான்கு மணிக்கு அண்ணன் வேலையில் இருக்க வேண்டியவர்.

அடுத்த பதிவு. நான்கு முப்பத்துமூன்றில் விசில் நின்றது.

ரேடியோவின் விரல் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானில் இருந்தது. அழுத்த முடியவில்லை. இருபது வருஷம் ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கீழே பார்த்துக் காலை வைக்கச் சொன்னவர், தன் வீட்டு ஏணிக்கு மட்டும் பின்பக்கமாகவே காலை இறக்கியிருக்கிறார். இருபது நிமிஷத்துக்கு முன் தன் கையால் சாத்தி வைத்த ஏணி எங்கே போய்விடப் போகிறது?

சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி.

அப்புறம் எட்டு நிமிஷம் காலி முற்றம்.

நான்கு நாற்பத்தொன்று. கேட். ஏணியோடு திரும்பி வந்தார். சந்துக்குள் நுழைந்தார். இரும்பு தரையில் விழுந்து அலறியது. பிறகு ஏதோ ஒரு குரல். பேச்சா முனகலா தெரியவில்லை. ரேடியோ மூன்று தடவை ஓட்டிக் கேட்டான், பிடிபடவில்லை. பிறகு ஏணியின் அடி மெல்ல மெல்ல நகர்ந்து பழைய இடத்துக்கு வந்து நின்றது. ஒரு நிமிஷம் போனது. அவர் வெளியே வந்தார். கேமராவைப் பார்த்தார். இப்போதுதான் அது அங்கே இருப்பது ஞாபகம் வந்தவர்போல. கேட்டைச் சத்தம் வராமல் இழுத்துச் சாத்திக்கொண்டு போனார். நான்கு நாற்பத்துமூன்று. அதற்கு மேல் கார்டுக்கு ஞாபகம் இல்லை.

ரேடியோ ஹெட்போனைக் கழற்றினான். சமையலறை வாசலுக்கு வந்த துருவியிடம் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். ஒரு வேடிக்கைப் பேச்சுகூட வரவில்லை.

கேட் கிரீச்சிட்டது. ஆறாக ஐந்து நிமிஷம்.

கொழுந்தன் ஒல்லியான மனிதர். ஒரு மாதத்தில் இன்னும் ஒல்லியாகியிருந்தார். வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

"பாப்பாவை அனுப்புங்க அண்ணி. நான் இங்கயே நிக்கறேன்."

"உள்ள வாங்க" என்றார் துருவி. "அண்ணியைப் பாக்க வந்தவங்க நாங்க. அந்தக் கார்டு காலின்னு சொன்னீங்களாமே?"

"ஆமா. காலி. அண்ணிக்குத்தான் ஏதோ தெரியுது."

"எங்களுக்கும் தெரியுதே" என்று சொல்லி, துருவி லேப்டாப்பை வாசல் பக்கம் திருப்பினார்.

கேட் திறந்தது. கருவிப் பை. நிமிர்ந்து பார்த்தார். இரண்டு விரல்.

கொழுந்தன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "அழிச்சேனே! என் கண்ணு முன்னாடி அழிச்சாங்களே! ஒண்ணும் இல்லையே அதுல!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

ரேடியோ மனசுக்குள் கட்டியிருந்த கதை அந்த இடத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. இந்த மனிதன் அண்ணிக்குப் பைத்தியம் என்று நம்பியே இருக்கவில்லை. இந்த வீட்டில் அண்ணன் நடமாடுகிறார் என்று நம்பியவன் இவன் ஒருவன்தான். காலியானதைக் கண்ணால் பார்த்த கார்டில் செத்தவர் திரும்ப வந்தால், வேறு எப்படி நம்புவது?

"பாப்பாவை இங்க வச்சிருக்காதீங்க அண்ணி." அவர் நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தார். "அவர் விட மாட்டேங்கறாரு. என்னைத்தான் தேடறாரு. ஏணியை நான்தான் எடுத்துட்டுப் போனேன். மேல இருக்காருன்னு சத்தியமாத் தெரியாது. போர்டு மாட்டிட்டுத் திரும்பக் கொண்டு வந்தேன். சந்துல... கிடந்தாரு."

டீச்சர் சமையலறை நிலையில் நின்றிருந்தார். துருவி அவரிடம் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எல்லாவற்றையும் இப்போதுதான் கேட்கிறார். ஒவ்வொரு அடியாக முன்னால் வந்தார். கொழுந்தனைப் பதினாலு வருஷமாக 'நீங்க' என்று கூப்பிட்டவர்.

"நீ வந்தப்ப அவருக்கு உசிர் இருந்துச்சா?"

"அண்ணி..."

"இருந்துச்சா?"

"ஏணி எங்கடான்னு கேட்டாரு."

கொழுந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் ஏணியை வச்சேன். அவர் கேட்டாரேன்னு... எனக்கு வேற எதுவும் தோணலை அண்ணி. வச்சிட்டுத் திரும்பினா என்னையே பாத்துட்டு இருந்தாரு. மூச்சு இருந்துச்சு. கூப்பிட்டா யாராவது வந்திருப்பாங்க. வந்தா ஏணி எங்க போச்சுன்னு அவர் சொல்லிடுவாருன்னு..."

 

"நான் வரும்போது அஞ்சு பத்து" என்றார் டீச்சர். "கை சூடா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தாலாவது பொழச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. அதைக் கேட்டு நீயும்தான் என் பக்கத்துல நின்னு அழுதே."

துருவி வாசல் பக்கம் போய், தாழ்ந்த குரலில் போனில் முகவரி சொல்லிக்கொண்டிருந்தார். ரேடியோ போய் கேட்டருகில் நின்றான். அந்த மனிதர் ஓடுவார் என்று அவனுக்குத் தோன்றவில்லை, இருந்தாலும் நின்றான்.

உள் அறைக் கதவு திறந்தது. பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, பென்சில் டப்பாவை அணைத்துக்கொண்டு வந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள்.

"சித்தப்பா, போலாமா?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. டீச்சர் மகளின் முன்னால் குனிந்து, ஒரு செருப்பைக் கழற்றினார். பிறகு இன்னொன்றை.

"நீ எங்கயும் போகலை. சித்தப்பா மட்டும்தான் போறாரு."